லடாக்குக்கு ஆறு வண்டி: ரயிலா ரோடா, டியூபா டியூப்லெஸ்ஸா, பெட்டியா பையா?

செப்டம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து ஆறு பேர் ஆறு பைக்கோடு லடாக்கின் லே நகருக்குக் கிளம்புகிறோம். வண்டிகள் நாலு தினுசு: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இரண்டு, புது ஹிமாலயன் 450 ஒன்று, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இரண்டு, பழைய கேடிஎம் 390 அட்வென்சர் ஒன்று. தேதி முடிவானதிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் பட்டிமன்றம்தான். ஒருவன் சாமான் வைக்க வண்டியில் மாட்டும் அலுமினியப் பெட்டிக்கு விலை விசாரிக்கிறான். இன்னொருவன் டயரை மாற்றிவிட்டு போட்டோ போடுகிறான். மூன்றாமவன் வண்டியையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறான். 2018-ல் ஒருமுறை போய்ச் சொதப்பிவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

தனியாகப் போகிறவன் எது நல்ல சாமான் என்று மட்டும் பார்த்தால் போதும். ஆறு பேர் போகும்போது, அது பழுதானால் எத்தனை பேர் நடுரோட்டில் நிற்க வேண்டிவரும், கையில் இருப்பதை வைத்து யார் சரிசெய்வது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே நான் எடுத்திருக்கும் முடிவுகளில் சிலது கடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். பரவாயில்லை.

மாதத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. மணாலி–லே சாலை பனியைப் பொறுத்துக் கோடைத் தொடக்கத்தில் திறந்து குளிர்காலத் தொடக்கத்தில் மூடும். ஜூனில் போனால் ரோட்டோரப் பனிச்சுவரைப் பார்க்கலாம், ஆனால் அந்தப் பனி உருகி ஓடையாக ரோட்டைக் கடந்துகொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் லடாக் காய்ந்து கிடந்தாலும் வழியில் குலு, மண்டி பக்கம் மழையும் மண்சரிவும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் மணாலி சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். செப்டம்பரில் ராத்திரி குளிர் கூடுதல், ஓடையில் தண்ணீர் குறைவு. செப்டம்பர்.

வண்டியை எப்படிக் கொண்டுபோவது

சென்னையிலிருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர். அங்கிருந்து மணாலி வழியாக லே போனால் இன்னும் ஆயிரம். மொத்தத்தையும் ஓட்டிக்கொண்டே போவதுதான் உண்மையான ரைடு என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் அடித்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அது வீரம் பற்றியது அல்ல. நாக்பூர் வரை ஓட்டினாலே வண்டியில் எந்த நட்டு கழறுகிறது, எந்தப் பை ஆடுகிறது, சீட்டில் எத்தனை மணி நேரம் உட்கார முடிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். உதிரிப்பாகம் கிடைக்கிற ஊர்களிலேயே கோளாறு வெளிப்பட்டுவிடும். மலைக்குப் போன பிறகு வெளிப்படுவதைவிட அது நல்லதுதான்.

ஆனால் நாளைக்கு 550 கிலோமீட்டர் என்று வைத்தாலும் டெல்லிக்கே நாலு நாள். போக வர எட்டு நாள் நெடுஞ்சாலையிலேயே போகும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ஐந்தாம் நாள் மலையடிவாரத்தில் நிற்கும்போது உடம்பு ஏற்கெனவே பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும். ஓய்வெடுக்க நேரமிருக்காது, லீவு முடியப்போகிறதே என்று மேலே ஏறத்தான் தோன்றும். 2018-ல் நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான்.

இரண்டாவது வழி ரயில் பார்சல். வண்டியை ரயிலில் அனுப்புவதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. நம் பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் போடுவது ஒன்று, சீட்டே இல்லாமல் பார்சலாக அனுப்புவது இன்னொன்று. லக்கேஜ் என்றால் நாம் போகும் ரயிலிலேயே ஏற்றப் பார்ப்பார்கள். அந்த ரயிலின் பார்சல் பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. ஆறு வண்டி ஒரே ரயிலில் ஏறும் என்று கனவு காணக்கூடாது. டெல்லியில் ஒரு முழு நாள் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை மூன்றும் வேண்டும். டேங்கிலிருந்து பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்கிவிட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, லீவர், இண்டிகேட்டர், டேங்க் எல்லாவற்றையும் பஞ்சும் கோணியும் வைத்துக் கட்டவேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே கட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள். இருந்தாலும் லீவர்களை நாமே சுற்றிவிடுவது உத்தமம்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. இறக்குகிற ஊரில் வண்டியில் ஒரு துளி பெட்ரோல் இருக்காது. பக்கத்து பங்க் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கள் வண்டிகள் எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் பெட்ரோல் ஊற்றியவுடன் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே நிற்கக்கூடாது. சாவியை மூன்று நான்கு முறை போட்டு அணைத்து, பம்ப் 'ஸ்ஸ்' என்று பெட்ரோலை இழுக்கும் சத்தம் கேட்ட பிறகு அழுத்தினால் பேட்டரி பிழைக்கும்.

மூன்றாவது, விமானத்தில் லே போய் அங்கேயே வாடகைக்கு எடுப்பது. செலவைக் கூட்டிக் கழித்தால் இது அவ்வளவு மோசமில்லை. பத்து நாள் மட்டுமே லீவு கிடைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மணாலியிலோ டெல்லியிலோ வாடகைக்கு எடுத்து லே வரை வந்தால் மட்டும் சிக்கல்: வெளியூர் வாடகை வண்டிகளை, எல்லோரும் லேயிலிருந்து சுற்றப்போகும் நுப்ரா, பாங்காங் பக்கம் ஓட்ட லே வாடகைக்காரர்கள் விடுவதில்லை, அங்கே மறுபடி உள்ளூர் வண்டி எடுக்க வேண்டிவரும். சொந்தப் பெயரில் பதிவான வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, விமானம் இறங்கியவுடன் கடல்மட்டத்திலிருந்து ஒரே தாவலில் 3,200 மீட்டருக்கு மேல் நிற்போம். இரண்டு நாள் படுக்கையை விட்டு அதிகம் எழாமல் இருந்தால்தான் மூன்றாம் நாள் வண்டியைத் தொடலாம்.

எங்கள் முடிவு: டெல்லி வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், வண்டி லக்கேஜில். ஜம்மு வரையே போகும் ரயிலும் இருக்கிறது, பெயர் மட்டும் அந்தமான் எக்ஸ்பிரஸ். கேட்டவுடன் கூட்டத்தில் ஒருவன் போர்ட் பிளேருக்கு டிக்கெட் எடுத்துவிடப் போகிறாய் என்று ஆரம்பித்துவிட்டான். டெல்லிக்கு நேரமும் குறைவு, ரயிலும் அதிகம். ஓட்டியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்த இருவரிடமும் ஒரு சமரசம் செய்திருக்கிறோம். ஆகஸ்டில் எல்லா மூட்டையும் கட்டிக்கொண்டு ஆறு பேரும் இரண்டு நாள் கொல்லிமலை, ஏற்காடு சுற்றி வருகிறோம். நெடுஞ்சாலையில் வெளிப்படவேண்டிய கோளாறு அங்கே வெளிப்படட்டும்.

எந்தப் பக்கம் ஏறுவது

இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் வண்டி, டயர், பெட்டி எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய முடிவு.

லே போக வழக்கமான ரோடு இரண்டு. ஸ்ரீநகர் பக்கமிருந்து ஜோஜி லா (லா என்றால் கணவாய்), கார்கில் வழியாக ஒன்று. மணாலியிலிருந்து பாராலாச்சா லா, பாங் வழியாக இன்னொன்று. தூங்கும் உயரத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700, லே 3,500. மணாலிப் பக்கம்: மணாலி சுமார் 2,000, ஜிஸ்பா சுமார் 3,200, சர்ச்சூ சுமார் 4,300. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சூ போவது அந்த விதியை இரண்டு மடங்கு மீறுவது. கார்கிலிலிருந்து லே போவதும் கொஞ்சம் மீறல்தான், மறைக்கவில்லை. ஆனால் லேயில் இரண்டு நாள் சும்மா கிடக்கலாம், ஆஸ்பத்திரி இருக்கிறது.

சர்ச்சூவில் என்ன இருக்கிறது என்றால், கூடாரம் இருக்கிறது. 2018-ல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்படவில்லை, ரோதாங் கணவாய் ஏறி இறங்கித்தான் போனோம். சர்ச்சூ கூடாரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு நண்பனுக்குத் தலைவலி. இரண்டு மணிக்கு வாந்தி. எழுந்து நின்றால் குடித்தவன் போலத் தள்ளாடினான், அவனோ குடிப்பழக்கமே இல்லாதவன். மலைநோய்க்கு ஒரே நல்ல மருந்து உடனே கீழே இறங்குவது. எங்கே இறங்குவது? சர்ச்சூ ஒரு பள்ளத்தாக்குத் தொட்டி. மணாலிப் பக்கம் போனால் 4,800 மீட்டருக்கு மேலே பாராலாச்சா லா. லே பக்கம் போனால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நக்கி லா, அதன்பின் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. இறங்க வேண்டுமென்றாலும் முதலில் ஏறியாக வேண்டும். கூடாரக்காரர் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் பாரம் ஏற்றிப்போன ஒரு லாரி டிரைவர் தன் கேபினில் அவனை ஏற்றிக்கொண்டு பாராலாச்சாவைத் தாண்டிக் கீலாங் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவன் வண்டியை நாங்கள் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

ஆகவே இந்த முறை ஸ்ரீநகர் பக்கம் ஏறி மணாலிப் பக்கம் இறங்குகிறோம். வரும்போது பத்து நாள் உயரத்தில் இருந்து பழகிய உடம்பு, அப்போது சர்ச்சூவில் தூங்கினால் பயமில்லை. அங்கே தூங்குவதில் ஒரு லாபமும் உண்டு. பாராலாச்சா தாண்டி ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளில் மதியத்துக்கு மேல் உருகிய தண்ணீர் ஏறிவிடும், காலையில் கடப்பதே நல்லது. ஸ்ரீநகர் பக்கத்தில் எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் 800 கிலோமீட்டருக்கு மேல், ஜோஜி லாவில் ஒருவழி நேரக்கட்டுப்பாடு வரும், பாதுகாப்பு நிலவரத்தைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். நிலவரம் சரியில்லை என்றால் மணாலி வழிதான். அப்போது மணாலியில் ஒரு நாள், ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கி, சர்ச்சூவில் படுக்காமல் விடியற்காலையில் கிளம்பி ஒரே நாளில் லே போய்விட வேண்டும். நீண்ட நாள்தான், ஆனாலும் அதுவே மேல்.

மாத்திரை பற்றி: அசிட்டசோலமைடு, கடையில் டயாமாக்ஸ் என்று கேட்பார்கள். முன்னெச்சரிக்கையாக வழக்கமாகக் கொடுப்பது 125 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் தொடக்கூடாது. எங்கள் ஆறு பேரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம். இது அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும், விரல் நுனி மரத்துக் கிச்சுக்கிச்சு மூட்டும். கையுறை இறுக்கம் என்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினேன் நான். சோடா, கோலா எல்லாம் சப்பென்று இருக்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டால் வேகமாக ஏறலாம் என்று அர்த்தமும் இல்லை. யாருக்காவது தலைவலியோடு தள்ளாட்டமும் இருந்தால், தரையில் ஒரு கோடு கிழித்து அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்ல வேண்டும். நடக்க முடியவில்லை என்றால் விவாதமே கிடையாது, அவன் இறங்குகிறான். கூட ஒருவன் போகிறான். இதைக் கிளம்புமுன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் நோய் வந்தவன் 'எனக்கு ஒன்றுமில்லைடா' என்றுதான் சொல்வான்.

டியூபும் டியூப்லெஸ்ஸும்

வண்டி மாற்றும் பேச்சை முதலிலேயே முடித்துவிட்டோம். நாலு மாதத்தில் புது வண்டி எடுத்து அதைப் பழகி மலையேற்றுவதைவிட, குணம் தெரிந்த பழைய வண்டி மேல். எக்ஸ்பல்ஸ்காரர்களுக்கு மட்டும் உள்ளூர ஒரு தாழ்வுணர்ச்சி. 19 குதிரைத்திறன்தானே என்கிறார்கள். தங்லங் லா உயரம் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், எஞ்சின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுக்கு விழும். அதாவது எக்ஸ்பல்ஸ் பத்து குதிரையாகும், 24 குதிரை ஹிமாலயன் 411 பதின்மூன்றாகும். வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. எக்ஸ்பல்ஸ் எடை 160 கிலோவுக்குள், 411 எடை 199 கிலோ. விழுந்த வண்டியை அந்தக் காற்றில் தூக்கி நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்பது கிலோவின் அருமை தெரியும். செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) ஒரு பல் குறைத்துப் போட்டுக்கொண்டால் எக்ஸ்பல்ஸ் முனகாமல் ஏறும், நெடுஞ்சாலையில் மட்டும் கொஞ்சம் கத்தும். பாதி தூரம் ரயில் என்பதால் அந்தக் கத்தலும் குறைவு. மலையில் கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்தே ஏறுகிறவர்கள் பிளேட்டைக் கருக்கிவிடுவார்கள், அந்த விபத்துக்கும் இதுவே மருந்து.

சக்கரத்துக்கு வருவோம். கேடிஎம்முக்கு அலாய் சக்கரம், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர். மற்ற ஐந்தும் ஆரக்கால் (ஸ்போக்) சக்கரம், டியூப். பஞ்சர் மட்டும் என்றால் டியூப்லெஸ்ஸை அடிக்க ஆளில்லை. ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஆனால் மணாலி ரோட்டில் மோர் என்ற சமவெளிக்கு முன்னும் பின்னும் கல்லில் மோதி ரிம் அடிவாங்கும்போது கதை மாறுகிறது. ஆரக்கால் ரிம் வளைந்தாலும் டியூபுக்குள் காற்று நிற்கும், சுத்தியலால் தட்டி ஓட்டலாம். அலாய் வளைந்தால் ஓரத்தில் காற்று கசியும், விரிசல் விட்டால் லாரி தேட வேண்டும். கேடிஎம்காரன் அதனால் தன் அளவுக்கு ஒரு டியூபும் கொண்டுவருகிறான். கசியும் ரிம்முக்குள் அதைப் போட்டு லே வரை நகர்த்தலாம்.

மற்ற ஐந்து பேரில் ஒருவன், ஆரக்கால் முனைகளை நாடா ஒட்டி அடைத்து டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடலாம் என்றான். நல்ல வேலையாகச் செய்தால் நிற்கும். ஆனால் பயணத்துக்கு முன் செய்து, ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்காத வேலையை நான் மலைக்குக் கூட்டிப்போக மாட்டேன். எங்களுக்கு வேறொரு வசதி வாய்த்திருக்கிறது. ஹிமாலயன் இரண்டு ரகத்துக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் முன் டயர் அளவு ஒன்றே, 90/90-21. பின் டயர்தான் மூன்றும் மூன்று அளவு. ஆக 21 அங்குல டியூப் மூன்று எடுத்தால் ஐந்து வண்டிக்கும் முன்சக்கரம் தீர்ந்தது. அவசரத்துக்கு அதே 21 அங்குல டியூபைப் பின்சக்கரத்தில் மடித்துத் திணித்து மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம் என்பது மண்சாலைக்காரர்களின் பழைய தந்திரம். பின் டியூபும் ஒவ்வொரு அளவில் ஒன்று எடுக்கிறோம். இது சொகுசான தீர்வு இல்லை, ஆனால் யார் வண்டி நின்றாலும் யாருடைய பையிலாவது விடை இருக்கும்.

டியூப் என்று முடிவெடுத்தால் கழற்றி மாட்டக் கை பழக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஆறு பேரும் கூடினோம். அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், கையை வைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் சக்கரத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கழற்றினோம், ஒட்டினோம், மாட்டினோம், காற்றடித்தோம், 'புஸ்ஸ்'. லீவர் நுனி புது டியூபைக் கடித்துவிட்டது. "இன்னொரு வாட்டி" என்றார் அண்ணன். மறுபடி கடித்தது. மூன்றாவது முறைதான் வாயைத் திறந்தார்: "தம்பி, டியூப உள்ள விடறதுக்கு முன்னாடி ரெண்டு அடி காத்து விடு. சுருங்கிக் கெடந்தா லீவர் கடிக்காம என்ன பண்ணும்? சோப்புத் தண்ணி தடவு. வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடி. முழங்காலால டயர நடுவுல அமுக்கிப் பிடி, லீவர் தேவையே படாது." அதன்பின் இருபத்தைந்து நிமிடம். முந்தியே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றதற்கு, கடிச்சாதானே மறக்காது என்றார்.

காற்றடிக்க பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று, அது சதிசெய்தால் சைக்கிள் பம்ப் ஒன்று. இரண்டும் இரண்டு வேறு வண்டிகளில் இருக்க வேண்டும்.

சர்வீஸ் பற்றியும் அண்ணன் ஒன்று சொன்னார்: "கெளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி வண்டியப் பிரிக்காத. பிரிச்சா ஆயிரம் கிலோமீட்டர் இங்கயே ஓட்டிட்டுப் போ." செயின் செட், பிரேக் பேட், ஆயில் எல்லாம் ஆகஸ்ட் முதல் வாரமே முடிகிறது. கிளட்ச் கேபிளுக்கு அவர் காட்டிய வழியை ஆறு வண்டியிலும் செய்துவிட்டோம். புதுக் கேபிளைப் பையில் போடாமல், ஓடும் கேபிளின் பக்கத்திலேயே அதே வளைவுகளில் கொண்டுபோய் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றி மாட்டவேண்டும். டேங்கைக் கழற்ற வேண்டாம், குளிரில் விறைத்த விரலோடு கேபிளை நுழைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

பெட்டியா, பையா

இதில் நான் நடுநிலை இல்லை. போன முறை அலுமினியப் பெட்டி மாட்டிக்கொண்டு போனேன். ஸ்டாண்டோடு சேர்த்து வெறும் பெட்டியே பதினாறு கிலோ. பூட்டலாம், மழை புகாது, ஊரில் நிறுத்தினால் கம்பீரம். பாங் தாண்டி மணலில் முன்சக்கரம் போன திசைக்கு வண்டி சாய்ந்தது. காலை ஊன்றினேன். வண்டி சாய்ந்து பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலுக்கு மேல் உட்கார்ந்தது. பூட்ஸ் இருந்ததால் எலும்பு தப்பியது. பெட்டியின் மூடி கோணி, அதற்குமேல் மூடவே இல்லை. மீதிப் பயணம் முழுக்கக் கயிறு கட்டி ஓட்டினேன்.

துணிப் பை, அதாவது சாடில் பேக், விழுந்தால் நசுங்கும், எழுந்தால் பழையபடி நிற்கும். கிழிந்தால் ஊசிநூல் போதும். எடை நாலைந்து கிலோ. குறை இல்லாமலில்லை. மழை புகும் என்பதால் உள்ளே தனித்தனி நீர்புகாப் பை வேண்டும், இல்லையென்றால் கெட்டிக் குப்பை கவரை இரட்டையாகப் போட வேண்டும். சைலன்ஸர் பக்கம் பை தொட்டால் பொத்துப்போகும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டிலும் சைலன்ஸர் தூக்கலாக இருப்பதால் தகரத் தடுப்போ கம்பியோ கட்டாயம். பூட்ட முடியாது, ஆகவே ராத்திரி எல்லாவற்றையும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். 3,500 மீட்டரில் மாடிப்படி ஏறிப் பையைத் தூக்கினால் கொண்டுவந்ததில் பாதி எதற்கு என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும்.

நகரத்துக்கு நகரம் தார்ரோட்டில் சுற்றுகிறவருக்குப் பெட்டிதான் சரி. எங்களுக்குப் பை. 450 வைத்திருப்பவன் மட்டும் பெட்டி வாங்கியே தீருவேன் என்கிறான்.

பெட்ரோல் கணக்கு சின்னது. கீலாங் அருகே தாண்டி என்ற இடத்து பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று ஒரு பலகை உண்டு, போகிறவர்கள் எல்லோரும் அதன்முன் நின்று படமெடுப்பார்கள். எங்களுக்கு அது எதிர்த்திசையில். லே பக்கம் நிரப்பிக்கொண்டு இந்தத் தாண்டி பங்க் வரை வந்து சேரவேண்டும். 450-ல் 17 லிட்டர், 411-ல் 15, எக்ஸ்பல்ஸில் 13 இருந்தாலும் குடிப்பது குறைவு, ஆக ஐந்தும் தாங்கும். 14.5 லிட்டர் கேடிஎம்தான் விளிம்பில் நிற்கும். ஆறு பேரும் ஆளுக்கொரு கேன் சுமப்பதற்குப் பதில் மொத்தமாக ஐந்து லிட்டர் கேன் இரண்டு போதும். உயரம் ஏற ஏற மூடிய கேன் பலூன் மாதிரி உப்பும், மூடியை மெல்லத் திருகிக் காற்றை விட்டுப் பிறகு திறக்க வேண்டும். கூடாரங்களில் பாட்டிலில் விற்பதை வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

போட்டுக்கொள்வது, பழகிக்கொள்வது

ஜாக்கெட்டில் வலைத்துணி வகையும் உண்டு, மூன்றடுக்கு வகையும் உண்டு. டெல்லியில் வியர்க்கும், பாராலாச்சாவில் பல் கிட்டும். மூன்றடுக்கு ஜாக்கெட்டில் மழை உறை உள்ளே இருக்கும். மழை வந்தால் ரோட்டோரம் ஜாக்கெட்டைக் கழற்றி உள்ளே மாட்டி மறுபடி போட வேண்டும், அதற்குள் நனைந்துவிடுவோம், வெளிப்பை வேறு ஊறிவிடும். வலை ஜாக்கெட், உள்ளே தெர்மல், நடுவில் ஒரு கம்பளி, மேலே தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டு. மலிவும் இதுதான், வேகமும் இதுதான். காற்றுத் தடுப்பும் மழைக்கோட்டே. கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டினால் அழகு போகும், விரல் பிழைக்கும். பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பூட்ஸ் தண்ணீருக்கு நல்லதுதான், ஆனால் என் கெண்டைக்கால் கதையைப் படித்தீர்கள் அல்லவா?

உடம்பைப் பழக்க நம் ஊரில் உயரமே இல்லை என்பதுதான் உண்மை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், கார்கில் பஜார் அதைவிட ஒரு பிடி மேலே இருக்கிறது. ஆக ஊட்டி போய் வந்தால் உயரம் பழகிவிடும் என்று நினைக்கக்கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் வேறொன்றுக்கு உதவும்: பாரத்தோடு முதல் கியரில் திரும்புவது, இறக்கத்தில் பிரேக்கைச் சூடாகவிடாமல் எஞ்சின் பிடியில் இறங்குவது. ஜல்லி கொட்டிய ஏதாவது ஒரு காலிமனையில் எழுந்து நின்று மெதுவாக ஓட்டிப் பழகினால் பாங் மணலுக்குப் பாதி பாடம் முடிந்தது. கூடவே தினமும் ஒரு மணி நேர நடை.

ப்ளூடூத் பேசும் கருவி ஆறு வாங்கலாம் என்ற யோசனை வந்தது. முன்னால் போகிறவனுக்கும் கடைசி வண்டிக்கும் இருந்தால் போதும் என்று நிறுத்திவிட்டோம். மற்றவர்களுக்கு ஒரே விதி: உனக்குப் பின்னால் வருகிறவன் உன் பொறுப்பு. பிரியும் ரோட்டில் அவன் ஹெட்லைட் தெரியும்வரை நீ நகரக்கூடாது. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது என்பதால் மூன்று பேர் இப்போதே போஸ்ட்பெய்டுக்கு மாறுகிறார்கள்.

கடைசி வண்டியாக யார் வருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. புகைப்படம் எடுக்க நிற்காதவனாக, டியூப் மாட்டத் தெரிந்தவனாக, தூசி தின்னத் தயாரானவனாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து நிமிடத்தில் மாட்டியவன் நான்தான் என்று குழுவில் யாரோ வீடியோ போட்டுவிட்டார்கள். அலுமினியப் பெட்டிக்காரன் அதற்குக் கைதட்டல் பொம்மை அனுப்பியிருக்கிறான்.